இடது ஓரத்தில் ஓடியவர்

என் கணவரை நான் முதன்முதலாகப் பார்த்தது மலாக்காவில், பண்டார் ஹிலிர் பாடாங்கில். அப்போதெல்லாம் கடல் அந்தத் திடலின் ஓரம்வரை வந்து நிற்கும். என் அண்ணன் இந்தியர் பந்தாட்ட அணியில் பேக் ஆடினார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்த வருஷங்களில் காய்ச்சலில் போய்விட்டதால் எனக்கு எல்லாமே அண்ணன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னையும் அண்ணியையும் கூட்டிப்போய் அங்சானா மரத்தடியில் உட்காரவைத்தார்.

“லெப்ட் விங்ல ஒருத்தர் ஆடுவாரு. நல்லாப் பாத்துக்க. புடிக்கலன்னா வீட்டுக்கு வந்து சொல்லு, பேச்ச விட்டுர்றேன்” என்றார்.

லெப்ட் விங் எது என்று எனக்குத் தெரியாது. அண்ணியிடம் கேட்க வெட்கமாக இருந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கடல் பக்கத்து எல்லைக்கோட்டை ஒட்டி, இடது ஓரத்தில் ஒல்லியாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பந்து அவரிடம் போனதும் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். அவர் உடனே ஓடவில்லை. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, எதிரில் வந்தவனை ஒரு நொடி பார்த்தார். அவன் எந்தக் காலில் பாரம் போடுகிறான் என்று பார்ப்பாராம். பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னார். அடுத்த நொடி அவன் உட்கார்ந்திருந்தான், இவர் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் இருந்தார்.

“புடிச்சிருக்கா?” என்று வழியில் அண்ணன் கேட்டார். என் முகத்தைப் பார்த்து அண்ணி சிரித்தார்.

கல்யாணமாகி நாங்கள் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறினோம். எதிர்வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வம்சத்து அம்மா ஒருவர் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார், பேச்சு மட்டும் முழுக்க மலாய். எனக்குச் சம்பால் அரைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அண்ணனும் அண்ணியும் தெங்கேராவில் இருந்தார்கள்; அண்ணன் அங்கே ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தார். என் கணவருக்கு ரோட்டு இலாகாவில் பியூன் வேலை. அந்த வேலையைக் கொடுத்ததும் அவருடைய கால்கள்தான் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் ரோட்டு இன்ஸ்பெக்டர் துரை ஒரு பந்தாட்டக்காரர்.

துரை ஸ்காட்லாந்துக்காரர். இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சிவந்துபோகும். தோட்டத்துக் கூலிகளிடம் கற்ற தமிழ் பேசுவார். என் கணவர் அவருக்கு முன்னால் சைக்கிளில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போவார். ரோட்டு வேலை நடக்கும் இடத்தில் இரண்டு பேரும் மரநிழலில் நின்று பந்தாட்டம் பேசுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையை என்னிடம் சொல்லுவார். இப்படித்தான் நான் பார்த்தே இராத ஓர் ஊரில் ஒரு மனிதர் விளையாடிய ஆட்டங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடமாயின.

துரையின் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். துரையும் மீசை முளைப்பதற்கு முன்பே சுரங்கத்தில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆடக்கூடாதாம், அதனால் சனிக்கிழமை வேலை முடித்துக் கரி படிந்த முகத்தோடு ஓடிப்போய் ஆடுவாராம். ஒரு பெரிய கிளப்பின் ஆள் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். துரையும் லெப்ட் விங்தான். ஸ்காட்லாந்து அணியின் சட்டையை இரண்டு தடவை போட்டிருக்கிறார். இரண்டாம் தடவை ஆடிவிட்டு ஊருக்கு வந்தபோது ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களாம். அவருடைய அப்பா மட்டும் வாசலில் நின்றபடி, “கீழே இறக்குங்கள், அவனுக்கு நடக்கத் தெரியும்” என்றாராம். அதற்கடுத்த குளிர்காலத்தில், மழையில் ஊறிய திடலில், ஒருவன் மேலே வந்து விழுந்து இடது முழங்கால் திரும்பிவிட்டது. வைத்தியம் பார்த்தார்கள். ஓடினார், வலித்தது. மறுபடி ஓடினார். கிளப்பில் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். ரோடு போட மலாயாவுக்கு வந்தார்.

நான் துரையை ஒரே ஒரு முறை பக்கத்தில் பார்த்தேன், மகள் பிறந்தபோது ஒரு டின் பால்மாவு கொண்டு வந்தார். எங்கள் வீட்டுப் படி மூன்றே படி. அவர் இறங்கும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது காலை முதலில் வைத்து, இடது காலை விறைப்பாகக் கீழே கொண்டுவந்தார். அது அவருக்கே தெரியாத பழக்கமாகிவிட்டிருந்தது.

அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னார்: “அம்மா, ஒன் புருசன் காலு ரொம்ப நல்ல காலு. என் ஊர்ல இந்த காலுக்கு சோறு போடும். நான் காயிதம் எழுதுது.”

உண்மையாகவே எழுதினார். தன்னுடைய பழைய கிளப்புக்கு எழுதினார். என் கணவர் அதை நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தபால்காரர் தெருவில் வந்தால் அவர் சட்டையை மாட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பதில் வருவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அவன் ஊருக்குள் நுழைவதற்குச் சில நாள் முன்பு துரை சிங்கப்பூருக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்பது எங்களுக்குத் தெரியாது.

ஜப்பான் காலத்தின் முதல் வருஷம் பசி. அரிசி குறைந்துகொண்டே போய், மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளையும் ஆனது. அந்த வருஷத்தில் எங்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நல்லபடியாகவே போனது. காரணம் மறுபடியும் அவருடைய கால்கள். ரோட்டு இலாகாவுக்கு வந்த ஜப்பானிய அதிகாரிக்குப் பந்தாட்டப் பைத்தியம். கண்ணாடியைக் கயிற்றால் தலையோடு கட்டிக்கொண்டு நடுவில் நின்று ஆடுவார். இலாகாவில் ஓர் அணி சேர்த்தார். அணியில் இருந்த பதினொரு பேருக்கும் வேலை உண்டு, அரிசி உண்டு, கையில் ஒரு முத்திரைச் சீட்டும் உண்டு. அந்தச் சீட்டு இருந்தால் தெருவில் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

இரண்டாவது வருஷம்தான் சயாம் என்ற சொல் வீட்டுக்கு வீடு நுழைந்தது. அங்கே ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். முதலில் போனவர்கள் தோட்டத்து ஆட்கள். யாரும் திரும்பவில்லை. பிறகு டவுனில் வேலையில்லாத ஆம்பிளைகளின் பெயரை எழுத ஆரம்பித்தார்கள். சைக்கிளுக்கு டயர் கிடைக்காமல் அண்ணனின் கடையை மூடிவிட்டிருந்தார்கள். அண்ணனின் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்கள். அண்ணிக்கு அப்போது ஏழு மாதம்.

அண்ணி அந்த வயிற்றோடு தெங்கேராவிலிருந்து நடந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது நான்தான். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. என் கணவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

“எங்கண்ணன எப்படியாச்சும் டீம்ல சேத்துவிடுங்க.”

“கேட்டுட்டேன் புள்ள. நீ சொல்றதுக்கு முந்தியே போய்க் கேட்டேன். பதினொண்ணு பதினொண்ணுதான்னு சொல்லிட்டான்.”

“அண்ணிக்கு ஏழு மாசங்க. என்னய வளத்தவருங்க அவரு. அவரு போயிட்டா நான் என்ன செய்வேன்?”

அவர் கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு கிழங்கை ஊட்டினார். அவளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. ஊட்டி முடித்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார்.

“பதினொண்ணுல ஒண்ணு கொறஞ்சா, ஒரு ஆளு எடுத்துத்தானே ஆகணும்?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் எழுந்து, மூன்று படியிலும் இறங்கிக் காட்டினார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது காலை முதலில் வைத்து, இடது காலை விறைப்பாக. நான் பயந்துபோனேன். துரையே இறங்குவது மாதிரி இருந்தது.

“முட்டி போனவன் எப்படி நடப்பான்னு அஞ்சு வருசமாப் பாத்திருக்கேன்” என்றார். “நொண்டிய சயாமுக்குக் கொண்டுபோயி என்ன பண்ணுவான்? மண்ணு சொமக்க முடியாதுல்ல. வேல போயிரும். போவட்டும். மச்சானுக்கு அரிசி கெடைக்கும், அதுல நமக்கும் கொஞ்சம் குடுப்பாரு. எப்படியும் இன்னும் ஒரு வருசத்துல சண்ட முடிஞ்சிரும்லா.”

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். “விழும்போது நெசமாவே அடிபட்டுறப் போவுது, பாத்து” என்றுதான் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மகளோடு பாடாங்குக்குப் போனேன். ஜப்பானியச் சிப்பாய்களுக்கும் இலாகாவுக்கும் ஆட்டம். அன்றைக்கு அவர் ஆடியது போல நான் பார்த்ததே இல்லை. ஒரு கோல் போட்டார், இன்னொன்று போட வைத்தார். இதுதான் கடைசி என்று தெரிந்து ஆடினார் என்று நினைக்கிறேன். பாதி ஆட்டத்துக்கு மேல், பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடிவந்தவர், எதிராளி மேலே மோதியதும் விழுந்தார். எனக்கு எல்லாம் முன்பே தெரியும். இருந்தும் அவர் போட்ட கத்தலைக் கேட்டு நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டேன். அதிகாரி குனிந்து அவருடைய முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். தண்ணீர் கொண்டு வரச்சொல்லித் தன் கையாலேயே கொடுத்தார்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முழங்கால் சரியாகவில்லை என்றதும் அவருடைய சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அண்ணனுக்கு வேலையும் சீட்டும் கிடைத்தன. அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. நாங்கள் நினைத்தது எல்லாம் அப்படியே நடந்தது.

ஆனால் நொண்டுவது என்பது பாடாங்கில் மட்டும் செய்து முடிக்கும் காரியமில்லை. பலகை வீடு, பக்கத்துக் குடித்தனம் இருமினால் நமக்குக் கேட்கும். தெருவில் காசுக்கும் அரிசிக்கும் காட்டிக்கொடுப்பவர்கள் இருந்தார்கள். அதனால் வீட்டுக்குள்ளும் நொண்டினார். கிணற்றுக்கும் நொண்டிக்கொண்டே போனார். ஒரு கம்பை ஊன்றிக்கொண்டார். எட்டு மாதம் போனது. ஒருநாள் அவர் தனியாகச் சமையலறையில் நின்றபோதும் இடது காலை மடக்காமல் நிற்பதைப் பார்த்தேன்.

“நெசமாவே வலிக்குதா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இப்பல்லாம் வலிக்குது” என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “தொரைக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் தெரியுது” என்றார்.

ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அது பரவாயில்லை. சிலர் கேலியும் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் பார்க்கப் போகாதீர்கள் என்று நான் சொன்னால் கேட்க மாட்டார். போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் கம்பை ஊன்றி நிற்பார். ஒருமுறை நானும் கூட நின்றேன். பந்து வெளியே உருண்டு நேராக அவருடைய இடது காலுக்கு வந்தது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் அவருடைய கால் கொஞ்சம் அசைந்தது. உடனே கம்பை எடுத்து அதன் நுனியால் பந்தைத் தள்ளிவிட்டார். பந்து கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் மகளின் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நின்றேன்.

வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அண்ணன் தன் பங்கு அரிசியில் பாதியைக் கொண்டு வருவார். மகளுக்கு மாமா என்றால் உயிர். தெருவில் அவர் தலை தெரிந்தால் போதும், ஓடுவாள்.

அன்றைக்கு மழை பெய்து விட்டிருந்தது. என் கணவர் வாசலுக்கு முன்னால் ரம்புத்தான் மரத்தடியில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுச் செட்டி அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தார்; மகள் அவரை நேனே, பாட்டி என்று கூப்பிடுவாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன் பையோடு வந்துகொண்டிருந்தார்.

“மாமா!” என்று மகள் கத்தினாள்.

ஆயர் குரோ பக்கத்திலிருந்து லோரி வரும் சத்தம் எனக்கும் கேட்டது. தினமும் வரும் லோரிதான், ரோட்டுக்குக் கல் ஏற்றிக்கொண்டு. மகள் எங்கே இருக்கிறாள் என்று நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் செட்டி அம்மா, “பூடாக்! பூடாக்!” என்று அலறினார். குழந்தை, குழந்தை என்று. மகள் ரோட்டின் நடுவில் இருந்தாள். அண்ணன் அந்தப் பக்கத்தில் கையை நீட்டியபடி நின்றுவிட்டார்.

என் கணவர் எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. மூங்கில் சிதறியது தெரிந்தது. மரத்திலிருந்து ரோட்டுக்கு ஒரு நல்ல தூரம் உண்டு. அந்த எட்டு மாதமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாடாங்கில் பார்த்த அதே ஓட்டம். தலை குனிந்து, தோள் சாய்ந்து, தரையே படாத மாதிரி. லோரிக்கு முன்னால் குறுக்கே போய், இடது கையால் மகளை அள்ளி, அந்த வேகத்திலேயே அண்ணனின் காலடியில் போய் விழுந்தார். லோரி வழுக்கிக்கொண்டுபோய் வாய்க்கால் ஓரத்தில் நின்றது.

மகள் அழவில்லை. அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. “இன்னொரு வாட்டிப்பா” என்றாள்.

லோரியின் முன்னிருக்கையிலிருந்து அந்த ஜப்பானிய அதிகாரி இறங்கினார்.

அவர் கோபமாக வரவில்லை. சிரித்துக்கொண்டு வந்தார். கோல் போட்டவனுக்குத் தட்டுவதுபோல இரண்டு தடவை கை தட்டினார். பிறகு என் கணவரை நெருங்கி, தனக்குத் தெரிந்த மலாயில் நடந்து காட்டு என்றார். அவர் எழுந்து மகளை அண்ணனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். நான்கு எட்டு நொண்டினார். ஐந்தாவது எட்டில் நின்றுவிட்டார். அதற்கு மேல் அவரால் அதைச் செய்ய முடியவில்லை. அதிகாரியின் முகத்தில் இருந்த சிரிப்பு போனது. தான் தன் கையால் தண்ணீர் கொடுத்ததை நினைத்திருப்பார் போலிருக்கிறது. அவர் அண்ணனைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், எல்லாம் புரிந்துகொண்டார். நாளைக் காலை ஆபீசுக்கு வா, துணிமணியோடு வா என்றார். வராவிட்டால் வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிப்போக ஆள் வரும் என்றார். அண்ணனிடம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது, மறக்காதே என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினார்.

வீட்டுக்குள் வந்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். மகள் மாமாவின் மடியில் இருந்தாள்.

“நான் போறேன் மாப்ள” என்றார் அண்ணன். “உன் எடத்துல நான் போறேன். அவன்கிட்டப் போயிச் சொல்றேன்.”

“கூப்பிட்டது என்னய. நீங்க போனா ரெண்டு பேரையும் சேத்து அனுப்புவான். கைப்புள்ளைய வச்சிக்கிட்டு உங்க சம்சாரம் என்ன செய்வாங்க? உளறாம இருங்க மச்சான்.”

அண்ணன் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மலாக்கா ரயில் தண்டவாளத்தை அப்போது பெயர்த்து எடுத்திருந்தார்கள். அதையும் சயாமுக்குத்தான் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். அதனால் ஆட்களை லோரியில் தம்பின்வரை கொண்டுபோய் அங்கே ரயிலில் ஏற்றினார்கள். காலையில் அவரோடு நானும் மகளும் ஆபீஸ்வரை நடந்தோம். கம்பை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டார். வெயில் ஏறவில்லை, ரோடு ஈரமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நொண்டாம நடக்கறது எவ்ளோ சொகமா இருக்கு தெரியுமா புள்ள?”

நான் அழுதேன். “அழாத. பாப்பா பாக்குது” என்றார். ஆபீஸ் வாசலில் மகளை ஒருமுறை தூக்கிப் போட்டுப் பிடித்தார். லோரியில் நாற்பது ஐம்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் பக்கப்பலகையில் கை வைத்து ஒரே தாவாகத் தாவி ஏறினார். லோரி திரும்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் கடைசி.

சண்டை முடிந்தது. ஒருவர் இருவராகத் திரும்பி வந்தார்கள். எலும்பும் தோலுமாக, சிலர் கால் இல்லாமல், சிலர் தங்கள் வீட்டையே அடையாளம் தெரியாமல். எங்கள் தெருவுக்குத் திரும்பியவர் ஒரே ஒருவர். முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். என் வீட்டுக்கு வந்து வெளியிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். நின்றபடியே சொன்னார்.

ஆற்றங்கரையில் ஒரு முகாம். மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. மூன்றாம் நாளே என் கணவர் போய்விட்டார். அங்கேயே எரித்தார்கள். “நான்தாம்மா தூக்குனேன்” என்றார்.

“என்னமாச்சும் சொன்னாரா?”

“தண்ணி கேட்டாரு.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணு சொல்றேன். அங்க ஒருநா, ஓய்வுநாளு, ஜப்பான்காரனுங்க ஒரு பந்தக் கொண்டாந்தானுங்க. யாருக்கு ஆடத் தெரியும்னு கேட்டானுங்க. ஆடறவனுக்குச் சோறுன்னு சொன்னானுங்க. நான் இவரப் பாத்தேன். இவரு தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. அப்பறம் கேட்டதுக்கு, எனக்கு ஆடத் தெரியாதுன்னு சொல்லிட்டாரு. எங்கிட்டயே சொன்னாரும்மா, அவரு ஆட்டத்த வருசக்கணக்காப் பாத்த எங்கிட்டயே.”

நான் அவருக்கு ஒரு டம்ளர் கோப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

அண்ணன் சண்டை முடிந்த பிறகு பந்தைத் தொடவில்லை. பாடாங் பக்கமே போகமாட்டார்; பண்டார் ஹிலிருக்குப் போக வேண்டியிருந்தாலும் சுற்றிக்கொண்டு போவார். எங்களுக்கு எல்லாம் செய்தார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, சீருடை தைத்தது, மழையில் கூரை ஒழுகினால் வந்து ஏறியது எல்லாம் அவர்தான். நான் அவரோடு பேசினேன், ஆனால் பழையபடி இல்லை. சோறு போடுவேன், அவர் சாப்பிடும்போது எதிரில் உட்காரமாட்டேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டுச் சொன்னார்: “ஒரு தடவதான் சொன்னேன் தங்கச்சி. நான் போறேன்னு ஒரே ஒரு தடவ. ரெண்டாவது தடவ சொல்லியிருந்தா அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு தெரியாது. சரின்னு சொல்லிரக் கூடாதுன்னு பயந்துதான் வாய மூடிக்கிட்டேன்.” எனக்கு அது முன்பே தெரியும். என்னால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என் அண்ணனைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டவள் நான். என் கணவர் காப்பாற்றிக் கொடுத்தார். நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அண்ணனுக்கும் பேசாமலே ஓர் ஒப்பந்தம் இருந்தது. மகளிடம் அந்த ரோட்டைப் பற்றிச் சொல்லக்கூடாது. எல்லாரையும் பிடித்துக்கொண்டு போன மாதிரி உன் அப்பாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றே சொல்லி வளர்த்தோம். அவளும் அதற்கு மேல் கேட்டதில்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாரை வார்த்துக் கொடுக்க அண்ணனும் அண்ணியும்தான் நிற்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? அண்ணன் முடியாது என்றார். கல்யாணத்துக்கு முதல் நாள்வரை முடியாது என்றார். “அந்த எடத்துல நிக்க எனக்குத் தகுதி இல்ல. வேற யாரயாச்சும் நிக்கச் சொல்லு” என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் மருதாணிக் கையோடு பக்கத்து அறையில் இருந்தாள். எழுந்து வந்தாள்.

“மாமா” என்றாள். “எனக்கு எல்லாம் தெரியும்.”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“எதிர்வீட்டு நேனே சொல்லிட்டாங்க. எனக்கு எட்டு வயசுல. ரோட்ட ஒழுங்காப் பாத்துக் கடக்கலன்னு திட்டும்போது வாய் தவறிச் சொல்லிட்டாங்க. அப்பறம் நானே கேட்டுக் கேட்டு மத்ததையும் தெரிஞ்சிக்கிட்டேன்.”

“இத்தன வருசமா ஏம்மா சொல்லல?” என்றேன் நான்.

“நீங்க ரெண்டு பேரும் எனக்குச் சொல்லக் கூடாதுன்னு நெனச்சீங்க. நான் கேட்டா நீங்க அழுவீங்கன்னு விட்டுட்டேன்.” பிறகு அவள் அண்ணனின் பக்கம் திரும்பினாள். “ரோட்டுக்கு ஓடுனது நான் மாமா. நீங்க இல்ல. எனக்கு மூணு வயசு, என்னய யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. அதனால உங்களயும் நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு நீங்கதான் நிக்கணும்.”

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எட்டு வயதிலிருந்து என் மகள் இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு எங்களோடு சாப்பிட்டிருக்கிறாள், பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், சிரித்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியவே இல்லை. நான் அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். மருதாணி காயவில்லை என்று இரண்டு கைகளையும் விலக்கி வைத்துக்கொண்டு, தலையை மட்டும் என் தோளில் சாய்த்தாள்.

மறுநாள் காலையில் அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். அண்ணி செம்பைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, இருவருமாகத் தண்ணீர் வார்த்தார்கள்.